ஒன்பது பக்க நன்றியுரை

எங்கள் பகுதி மக்கள் பெருந்தன்மையில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். வரப்பை வெட்டி ஒரு முழ நிலத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து பாயசம் குடிப்பார்கள். தம் வயலுக்கு முறை வைத்த தண்ணீரைத் தன் மடைக்குத் திருப்பியவன் வீட்டில் பெண் எடுப்பார்கள். ஆனால், திருமணப் பத்திரிகையில் தம் பெயரை விட்டுவிட்டவனை மட்டும் மன்னிக்கமாட்டார்கள். அவன் வீட்டில் சாவு விழுந்தாலும் தெருமுனையில் நின்றபடியே துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

இவ்வுண்மையை என்னைக் காட்டிலும் நன்கறிந்தவர் கச்சிராயபாளையம் வட்டாரத்தில் இலர். தொழிலால் நான் கரும்பு விவசாயி. ஆயினும் உற்றார் வீட்டுத் திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கருமாதி ஆகிய அனைத்துக்கும் பத்திரிகை வாசகம் எழுதித் தருபவன் நானே. எவர் பெயர் எவருக்கு மேலே வரவேண்டும், எவரையும் எவரையும் ஒரே வரியில் சேர்க்கக் கூடாது என்பனவெல்லாம் எனக்கு மனப்பாடம். (தாய்மாமன் பெயரின் எழுத்தளவைக் குறைத்தால் என்ன நேரும் என்பதை என் இடது முழங்கையில் உள்ள தழும்பைக் காட்டியே விளக்க வல்லவன்.)

இப்படிப் பிறருடைய பெயர்களை எழுதி எழுதியே எனக்கொரு ஏக்கம் பிறந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பி.இ., எம்.எஸ்சி., பி.எட். என்று ஏதேனும் ஒன்று வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்றுக்குட்டிபோல் வந்துகொண்டிருக்கும். என் பெயருக்குப் பின்னால் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘விவசாயம்’. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், தலை நரைத்த பின் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதினேன். தபால் வழியில் இளங்கலை முடித்தேன். அறுபதை நெருங்கும் வயதில் முதுகலைச் சமூகவியலில் சேர்ந்தேன்.

தேர்வுகளையெல்லாம் எப்படியோ கடந்துவிட்டேன். எஞ்சியிருந்தது ஆய்வேடு ஒன்றுதான். என் பதிவுக் காலமோ இருமுறை நீட்டிக்கப்பட்டு, இனி நீட்ட இயலாத நிலையை எட்டியிருந்தது. குறித்த நாளன்று மாலை ஐந்து மணிக்குள் கள்ளக்குறிச்சிக் கல்வி மையத்தில் ஆய்வேட்டைச் சேர்க்காவிடில், எழுதிய தேர்வுகள் அனைத்தும் செல்லாமற்போகும். முதலாமாண்டிலிருந்து தொடங்க வேண்டும். இச்செய்தியை நான் என் மனைவி தனபாக்கியத்திடம் கூறியபோது அவள் நிதானமாகச் சொன்னாள்:

“மறுபடியும் மொதல்லருந்துன்னா, நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடறேங்க. நீங்க படிச்சிக்கினே இருங்க.”

எனக்கு நெறியாளராக வாய்த்தவர் முனைவர் அறவாழி. தியாகதுருகத்தைச் சேர்ந்தவர், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், சடங்கு, சம்பிரதாயம், சாமி ஆகிய எதிலும் நம்பிக்கையற்ற பகுத்தறிவாளர். ‘கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளிக் கிழங்கின் வருகையும் வாழ்வியல் மாற்றமும்’ என்ற தலைப்பைத் தந்தவரும் அவரே. அத்தியாயம் தோறும் திருத்தித் தந்தார். நான் பயன்படுத்திய ‘எனலாம்’ என்னும் சொல்லை மட்டும் ஒரே அத்தியாயத்தில் எழுபது இடங்களில் அடித்தார் எனலாம்.

கள ஆய்வுக்காக வெள்ளிமலைப் பேருந்தில் பலமுறை ஏறி இறங்கினேன். கொண்டையூசி வளைவுகளில் என் வினாப்படிவங்கள் மடியிலிருந்து எழுந்து பறந்தன. நானும் உடன் பறக்க முயன்றேன். மலையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், “மரவள்ளியின் வருகை தங்கள் குடும்ப உறவுமுறைகளில் என்ன மாற்றத்தை ஏற்படுத்தியது?” என்று படிவத்தில் உள்ளபடியே வினவினேன்.

அவர் இடுப்பை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “கெழங்கு வந்து குடும்பத்துல இன்னாங்க பண்ணும்? அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள கெடக்குது. நீங்க அந்த மூட்டைய ஒரு கை புடிங்க.”

பிடித்தேன். அன்று மாலை வரை பிடித்தேன். முதன்மைத் தரவு என்பது தோள்பட்டையில் தங்குவது என்பதை அன்றறிந்தேன்.

இவ்வாறாக நான்கு அத்தியாயங்கள் நிறைவுற்றன. முடிவுரையும் நன்றியுரையும் மட்டுமே மீதம். கையில் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகவே அவகாசம் இருந்தது. முடிவுரைக்கு ஆறு நாள், நன்றியுரைக்கு அரைமணி நேரம் என்று திட்டமிட்டேன். அந்தத் தெம்பில் ஓர் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்குச் சென்று, பந்தியில் அமர்ந்து, அப்பளத்தை நொறுக்கியவாறே, “உதவி செஞ்சவங்க பேரெல்லாம் ஆய்வேட்டுல வருது” என்று திருவாய் மலர்ந்தேன்.

என் வாழ்நாளில் நான் உண்ட அப்பளங்களில் அதுவே விலை உயர்ந்தது.

மறுநாள் காலை முதல் தொலைபேசி ஓயவில்லை. முதலில் என் பெரியப்பா மகன் அய்யாக்கண்ணு அண்ணன் பேசினார்.

“தம்பி, புஸ்தகத்துல பேரு போடறியாமே? எம்பேரு பக்கத்துல ‘முன்னாள் வார்டு உறுப்பினர்’னு மறக்காம போட்டுடு.”

“அண்ணா, இது ஆய்வுக்கு ஒதவி பண்ணவங்களுக்கு மட்டுந்தான்.”

“நான் பண்ணலியா? மலைக்குப் போவ அன்னிக்கி வண்டி குடுத்தது யாரு?”

(கொடுத்தார். பெட்ரோல் இல்லாமல் கொடுத்தார். அடிவாரம் வரை தள்ளிக்கொண்டே போனேன்.)

அடுத்து, களமருதூரிலிருந்து என் தாய்மாமன். எண்பதைக் கடந்தவர், குரலுக்கு மட்டும் நாற்பது வயது.

“மாப்ள, உங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்தான். எம்பேரு எங்க வருது?”

“மொதப் பேரே உங்க பேருதான் மாமா.”

“எழுத்து பெருசா இருக்கட்டும். எனக்குக் கண்ணு கம்மி.”

அன்று நான் மறுத்துவிட்டிருக்கலாம். நன்றியுரை வேறு, திருமணப் பத்திரிகை வேறு என்று எடுத்துரைத்திருக்கலாம். ஆனால், ஆண்டுக்கணக்காய்ப் பழகிய என் விரல்கள் என் மூளையைக் கேளாமலே வேலையைத் தொடங்கிவிட்டன. தாய்மாமன் வழி, பங்காளிகள் வழி, சம்பந்தி வழி என்று நன்றியுரை கிளை பரப்பியது. மறைந்தவர்கள் ‘தெய்வத்திரு’வாக நல்லாசி வழங்கினர். பேச்சுவார்த்தை இல்லாத இரு சகோதரர்களை வெவ்வேறு பக்கங்களில் குடியமர்த்தினேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் தம் மனைவி நிறைமாதமாக இருப்பதைத் தெரிவித்து, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஓரிடம் காலியாக விடுமாறு வாட்ஸ்அப்பில் வேண்டினார். விட்டேன். இன்னொருவர் விருந்து எந்த மண்டபத்தில் என்று வினவினார்.

நன்றியுரை ஒன்பது பக்கம் ஆயிற்று. முடிவுரைக்கென ஒதுக்கிய ஆறு நாளும் அதற்கே போயின. முடிவுரையைக் கடைசி நாள் காலையில், கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி செல்லும் நகரப் பேருந்தில், நின்றுகொண்டே எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. ஓட்டுநர் வேகத்தடைகளை மதிப்பவராக இருந்திருந்தால் ஒன்றரைப் பக்கம் வந்திருக்கும்.

தட்டச்சு செய்தவர் பேருந்து நிலையத்துக்கு அருகில் கணினி மையம் நடத்தும் ரோஸ்லின் என்னும் அம்மையார். என் பத்திரிகைகளையெல்லாம் அச்சுக்குத் தயார் செய்பவரும் அவர்தான். நன்றியுரையின் கைப்பிரதியைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“ஐயா, பந்தி எத்தன மணிக்கின்னு போடலியே?”

“கிண்டல் பண்ணாதம்மா. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.”

“இத்தன பேர வரிசையா அடிச்சா பதினஞ்சு பக்கம் போவும். போன வைகாசியில ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சமே, அந்த ஃபைல்லயே ரெண்டு பக்கமும் பேரு வர்ற மாரி போட்டு, அதுலயே ஏற்கெனவே அடிச்சி வெச்ச உங்க கெழங்கயும் சேத்துடறேன். அப்பதான் டயத்துக்கு முடியும்.”

சேர்த்தார். அச்சிட்ட தாள்களை அள்ளிக்கொண்டு, நெறியாளரின் சான்றிதழ்ப் பக்கத்தில் கையொப்பம் பெறக் கல்லூரிக்கு விரைந்தேன். கையொப்பம் பெற்றுத் திரும்பியதும் தாள்களைக் கோத்துக் கட்டி மையத்தில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. மதியம் இரண்டு மணிகூட ஆகவில்லை.

ஆய்வேட்டைக் கையிலெடுப்பவர் எவரும் முதலில் பார்ப்பது நன்றியுரையைத்தான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. பேராசிரியர் அறவாழி முதற் பக்கத்தில் புன்னகையோடு நுழைந்தார். அவருடைய சுட்டுவிரல், தேர்வு முடிவில் தன் எண்ணைத் தேடும் மாணவனுடையதைப்போல் பெயர்களின் மீது மெல்ல இறங்கியது. மூன்றாம் பக்கத்தில் புன்னகை மறைந்தது. ஆறாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்பதாம் பக்கத்தின் இறுதியில் ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ என்றிருந்தது. அத்தாளைத் திருப்பி அதன் வெற்றுப் பின்புறத்தையும் பார்த்தார். பின்பு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனையோ பத்திரிகைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றிலேனும் மணமகன் பெயரை விட்டவனல்லன். அன்று விட்டிருந்தேன்.

“சார்... பதட்டத்துல வுட்டுப்போச்சி சார்.”

“பதட்டத்துல பொறக்கப்போற கொழந்தைக்கு எடம் வுட்டிருக்கீங்களே?”

நான் அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் மறைத்தேன்.

“கையெழுத்துப் போட நான் யாருங்க? எனக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? உற்றார்ல இருக்கனா, உறவினர்ல இருக்கனா?”

“சார், இப்பவே சேத்துடறேன்...”

“சொல்லிச் சேக்கறதுக்குப் பேரு நன்றி இல்லீங்க. எனக்கு வகுப்பு இருக்குது.” எழுந்து போய்விட்டார். அவருக்கு அந்நேரத்தில் வகுப்பு இல்லை என்பது சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் தெளிவாகத் தெரிந்தது.

சடங்குகளை மறுப்பவர், முற்போக்காளர், முனைவர். இருப்பினும், பத்திரிகையில் பெயர் விடுபட்ட எங்கள் ஊர்ச் சித்தப்பா எவ்வாறு நடந்துகொள்வாரோ அவ்வாறே நடந்துகொண்டார். அதுவே எனக்கு நம்பிக்கை அளித்தது. இந்நோய்க்கு மருந்து எனக்குத் தெரியும். பெயர் விடுபட்டவர் வீட்டுக்குக் குடும்பத்துப் பெரியவர்கள் தாம்பூலத் தட்டோடு நேரில் சென்று, தவறை ஒப்புக்கொண்டு, முறைப்படி அழைக்க வேண்டும். பெரியவர்களுக்கு எங்கே போவது என்று கலங்கியவாறு கல்வி மையத்தை நோக்கி நடந்தேன்.

கலங்க வேண்டியிருக்கவில்லை. மையத்தின் வாயிலில் என் குலமே நின்றுகொண்டிருந்தது.

பத்திரிகையில் பெயருள்ளவர்கள் விழா நடக்குமிடத்துக்கு முன்கூட்டியே வந்து வாயிலில் நின்று வரவேற்பது எங்கள் வழக்கம். அதன்படி ஒரு வேனில் வந்திறங்கியிருந்தார்கள். பட்டுப்புடவைகள், கரைவேட்டிகள். கதவருகே ஒரு மேசை. அதன்மீது சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. தத்தம் ஆய்வேடுகளைச் சேர்க்க வந்த பிற மாணவர்கள் பன்னீரில் நனைந்து, சந்தனம் பூசி, அடுத்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றிருந்தனர். அலுவலக எழுத்தரின் நெற்றியிலும் சந்தனம் இருந்தது.

செய்தியைச் சொன்னேன். தனபாக்கியம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“பாடம் சொல்லிக் குடுத்தவர வுட்டுட்டு, வண்டி குடுத்தவரப் போட்டீங்களா?”

“ஏம்மா, நான் இன்னா பண்ணேன்?” என்றார் அய்யாக்கண்ணு அண்ணன்.

“மாமா, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க” என்று அண்ணனை அடக்கினாள்.

மேசையிலிருந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் வைத்து, அண்ணனுக்குப் போர்த்துவதற்கென்று அண்ணனே வாங்கி வந்திருந்த சால்வையையும் பறித்து வைத்துக்கொண்டு நால்வர் புறப்பட்டோம். கைத்தடியோடு மாமா முன்னே, தட்டேந்தித் தனபாக்கியம், சால்வையின் மீது கண்ணாக அண்ணன், இறுதியில் குற்றவாளி. கல்லூரி வாயிற்காவலர் எங்களைக் கண்டதும், “பொண்ணு கேட்டு வந்தீங்களா? எந்த டிபார்ட்மெண்ட்டு?” என்று அன்போடு விசாரித்து வழிகாட்டினார்.

பேராசிரியர் அறையில் மாமா தட்டை இரு கைகளாலும் நீட்டினார்.

“ஐயா, எங்க புள்ள தெரியாம பண்ணிடுச்சி. சபைக்கி மூத்தவங்க நீங்க. மனசுல வெச்சிக்காம, முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

“இதெல்லாம் எதுக்குங்க... நான் இதெல்லாம் பாக்கறதில்லீங்க...” என்று கூறியவாறே பேராசிரியர் தட்டை வாங்கிக்கொண்டார். முகம் தெளிந்தது. அனைவருக்கும் தேநீர் வரவழைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணே ஒண்ணு. நெறியாளர் பேரு மொதல்ல வரணும். அது ஆய்வு மரபு.”

மாமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “மொதல்லன்னா? எனக்கும் மேலயா?”

“ஆமாங்க.”

“தாய்மாமனுக்கு மேல எவன் பேருய்யா வரும்? காது குத்தனப்ப இவன மடியில வெச்சினு இருந்தவன் நான். நீ இருந்தியா?”

“ஐயா, இது காதுகுத்து இல்லீங்க. ஆராய்ச்சி.”

“எதுவா இருந்தா இன்னா? மொற மொறதான். எட்றா தட்ட!”

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர்போல் சால்வையை எடுத்துக்கொண்டார். பேராசிரியர் ஆய்வியல் நெறிமுறைகள் குறித்த நூலொன்றை அலமாரியிலிருந்து உருவினார். மாமா கைத்தடியை எடுத்தார். மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் முதலாமாண்டு, மீண்டும் முதல் தாள், மச்சான் வீட்டில் தனபாக்கியம்.

தனபாக்கியம்தான் வாயைத் திறந்தாள். “இன்னாங்க, பத்திரிகையில எல்லாத்துக்கும் மேல, நடுவுல, சாமி பேரு போட்டுத் துணைன்னு போடுவீங்களே... சாரு பேர அங்க போட்டுடுங்க. மாமா பேரு மொதப் பேராவே இருக்கட்டும்.”

மாமா யோசித்தார். “சாமி எடம்னா சரிதான். சாமிகிட்ட நான் மல்லுக்கு நிக்கறதில்ல.”

பேராசிரியர் தடுமாறினார். “அம்மா, எனக்குக் கடவுள் நம்பிக்கையே கெடயாதும்மா.”

“உங்களுக்கு வேணாம் சார். எங்களுக்கு உங்க மேல நம்பிக்க இருக்குது, அது போதும்.”

இதற்கு எந்த ஆய்வியல் நூலிலும் மறுப்பு இல்லை. பேராசிரியர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கையொப்பமிட்டார். சால்வையையும் அண்ணன் கையிலிருந்து அவரே எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

கணினி மையத்துக்கு ஓடினோம். ரோஸ்லின் அம்மையார் அந்தப் பழைய பத்திரிகைக் கோப்பைத் திறந்து, மறைத்து வைத்திருந்த மேல்வரியை வெளிக்கொணர்ந்து, அதிலிருந்த குலதெய்வத்தின் பெயரை நீக்கிவிட்டுப் பேராசிரியரின் பெயரை இட்டார். அச்சிட்டார். கையொப்பமான சான்றிதழை இடையில் வைத்துத் துளையிட்டுச் சுருள்கம்பி கோத்துக் கட்டினார். தாள்கள் இன்னும் சூடாக இருக்கும்போதே வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடுகையில் காற்றில் பக்கங்கள் புரண்டன. அப்போதுதான் கண்டேன்.

அம்மையார் திறந்துவிட்ட மேல்வரி நன்றியுரைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கோப்பு முழுவதற்கும் உரியதாக இருந்தது. ‘முன்னுரை’ என்பதன் மேலே, ‘முனைவர் அறவாழி துணை.’ மரவள்ளியின் தேமல் நோய் பற்றிய அட்டவணைக்கு மேலே, ‘முனைவர் அறவாழி துணை.’ ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் குறித்த பகுதியிலும் அவரே துணை நின்றார். பேராசிரியரே கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றுதான் அவர் துணையின்றி நின்றது.

திரும்பிப் போய் மாற்ற நேரமில்லை. மூச்சிரைக்க மையத்துக்குள் நுழைந்தேன். சந்தன நெற்றியோடு இருந்த எழுத்தர் முதற் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயிலில் கைகூப்பி நின்ற என் சுற்றத்தாரைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். வெளியே என் மாமன் கரவொலியைத் தொடங்கிவைத்தார். யாரோ குலவை இட்டார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு திருப்புதலுக்கும் தலையுயர்த்தி அருகே அமர்ந்திருந்த அறவாழி அவர்களை ஒருமுறை தரிசித்தார். நாற்பதாவது தரிசனத்தில் பேராசிரியர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே சென்றுவிட்டார்.

“ஐயா, நன்றியுரை ஒன்பது பக்கம், முடிவுரை ஒரு பக்கம். ஏன்?”

நான் எழுந்து நின்று உள்ளதை உரைத்தேன். “அம்மா, கிழங்குக்குச் சொந்தக்காரங்க கிடையாதுங்க.”

அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கிழங்கைப் பற்றிக் கேட்ட வினாக்களுக்கெல்லாம், மூட்டை தூக்கிய தோள்பட்டையின் நினைவில் நன்றாகவே விடையளித்தேன். தேர்ச்சி பெற்றேன். இரண்டாம் வகுப்பு. தட்டில் இன்னும் இரண்டு சீப்பு பழம் வைத்திருந்தால் முதல் வகுப்பே வந்திருக்கும் என்பது மாமாவின் கருத்து.

அடுத்த ஆண்டு கல்வி மையத்தின் ஆய்வேட்டு விதிகளில் புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது: ‘நன்றியுரை ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருத்தல் வேண்டும்.’ கல்வி உலகுக்கு நான் ஆற்றிய நிலையான பங்களிப்பு அது ஒன்றே. அச்செய்தி தனபாக்கியத்தின் காதுக்கு எட்டிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கும் அதே விதி. விசேஷ வீடுகளில் வாழ்த்துரைக்க நான் ஒலிபெருக்கியைப் பிடித்ததும் அவள் முன்வரிசையிலிருந்து ஒற்றை விரலை உயர்த்துவாள். இப்போது வரிசை முழுவதும் உயர்த்துகிறது. போன மாதம் ஒரு மண்டபத்தில் மணமகளே உயர்த்தினாள்.

இக்கட்டுரை உருவாவதற்கு உறுதுணையாக நின்ற அன்பர்கள் சிலருக்கு இவ்விடத்தில் நன்றி கூற விழைகிறேன். முதற்கண், களமருதூரில் வாழும் என் தாய்மாமன் அவர்களுக்கும், அவர்தம்

தனபாக்கியம் பின்னால் வந்து நிற்கிறாள்.